முதல் பாகம் தனி நூலாக நிற்க வேண்டும்

கேள்வி:

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகளாக இரவு நேரங்களில் எழுதி ஒரு மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவலை முடித்திருக்கிறேன். மூன்று பாகங்கள், மொத்தம் 2,40,000 சொற்கள். ஒரு துறைமுக நகரத்து மக்கள் தங்கள் தூக்கத்தைக் கடலிடம் அடகு வைத்து முத்து பெறுகிறார்கள்; ஒருநாள் கடல் பின்வாங்கிப் போய்விடுகிறது; அடகை மீட்க வழியில்லை. ஆறு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். நான்கிலிருந்து பதிலே இல்லை. ஒருவர், தமிழில் ஃபேண்டஸி விற்காது என்றார். இன்னொருவர், நான் பணம் கட்டினால் அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலும் மூன்று பாகமாகத்தானே வந்தது? இணையத்தில் தொடராகப் போட்டுவிடலாமா? கதையை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா? பதிலுக்குக் காத்திருக்கும்போது இரண்டாம் பாகத்தைத் திருத்திக்கொண்டிருக்கலாமா? முதல் மூன்று அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பியிருந்த அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இரண்டு முறை வாசித்தேன். கடலே அடகு பிடிக்கும் ஒரு நகரம், தன்னைப் பெற்ற தகப்பன் அடகு வைத்த தன் தூக்கத்துக்காகப் பல ஆண்டுகளாகக் கண் மூடாமல் கிடக்கும் ஒரு தாய், அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குவதற்கே கூசும் மகள் வேம்பி என்று நீங்கள் கட்டியிருக்கும் கற்பனை, ஒரு பதிப்பாசிரியரின் மேசைக்கு அடிக்கடி வருவதன்று. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறையாக இருந்த கொற்கை, கடல் விலகியதால் இன்று சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் மாவட்டத்திலிருந்து எழுதுகிறீர்கள். உங்கள் கதையின் அதிசயம் அந்த மண்ணிலிருந்தே முளைத்திருக்கிறது என்பது ஒவ்வொரு நல்ல பக்கத்திலும் தெரிகிறது. ஆகவே, இந்த நாவல் வெளிவர வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இனி வரும் கடுமையான சொற்களையும் எழுதுகிறேன்.

என் ஆலோசனை ஒன்றுதான். மூன்று பாகங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக அலைவதை இன்றோடு நிறுத்துங்கள். முதல் பாகத்தை மட்டும் எடுத்து, அது தன்னளவில் தொடங்கித் தன்னளவில் முடியும் ஒரு நாவலாக ஆகும்வரை திருத்தி, அந்த ஒரு நூலுக்கு மட்டும் பதிப்பாளரைத் தேடுங்கள். உங்கள் மற்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதிலிருந்தே கிடைக்கும்.

'தமிழில் ஃபேண்டஸி விற்காது' என்று சொன்னவரின் கருத்தை நான் ஏற்கவில்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்த அரசனின் கதையைத் தாத்தா வாயாலும், 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பக்கங்களிலும் கேட்டும் படித்தும் வளர்ந்த ஒரு சமூகத்துக்கு அதிசயக் கதை அந்நியமானதாக இருக்க முடியாது. அவர் சொல்ல வந்தது வேறாக இருக்கலாம். நாவல்கள் வழக்கமாக அச்சாகும் டெமி அளவுப் பக்கமொன்றில் ஏறத்தாழ இருநூறிலிருந்து இருநூற்றைம்பது தமிழ்ச் சொற்கள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் நாவல் ஆயிரம் பக்கத்தைத் தொடும், அல்லது தாண்டும். இன்றைய காகித, அச்சு விலையில் அத்தகைய நூலுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் விலை வைக்க வேண்டியிருக்கும். பெயர் தெரிந்த எழுத்தாளரின் ஆயிரம் பக்க நாவலை, புத்தகக் கண்காட்சிக்கு வருவதற்கு முன்பே வாங்குவதென்று முடிவு செய்துவிட்ட வாசகர்கள் உண்டு. ஒரு புதிய பெயருக்காக அவ்வளவு தொகையைக் கொடுக்க முன்வருபவர் மிகச் சிலரே. ஒரு காலத்தில் தமிழ்ப் பதிப்பாளர்கள் முதல் பதிப்பாகவே 1,200 பிரதிகள் அச்சிட்டார்கள். அதில் கணிசமான பங்கை அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அந்த நம்பிக்கை தளர்ந்து, தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் வந்துவிட்ட பிறகு, நூறு, இருநூறு, முந்நூறு என்று சிறுகச் சிறுக அச்சிட்டு விற்பனையைப் பார்த்தபின் அடுத்த அச்சுக்குப் போவதே வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட சூழலில், ஒரு பதிப்பாளரிடம் நீங்கள் மூன்று பாகங்களை நீட்டும்போது, முதல் பாகம் விற்காவிட்டாலும் மீதி இரண்டையும் வெளியிட்டாக வேண்டும் என்ற மூன்று மடங்கு பொறுப்பையே நீட்டுகிறீர்கள். பதில் வராததற்கு உங்கள் எழுத்தின் தரத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணமாக இருந்திருக்கக்கூடும்.

டோல்கீனை நீங்கள் சான்றாகக் காட்டியிருப்பதால் அந்த வரலாற்றையும் சற்று முழுமையாகப் பார்ப்பது நல்லது. 1954-இலும் 1955-இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த அவருடைய நாவல் மூன்று பாகங்களாக எழுதப்பட்டதே அன்று. அவர் அதை ஒரே நூலாகவே கருதினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலையும் அச்சுச் செலவும் உயர்ந்திருந்ததால் பதிப்பாளர்தான் அதைப் பிரித்தார். அதற்கும் முன்னால், 1937-இல் அதே பதிப்பகம் வெளியிட்ட அவருடைய சிறுவர் நாவலான 'தி ஹாபிட்' நன்றாக விற்று, தொடர்ச்சி வேண்டும் என்று பதிப்பாளரே கேட்டிருந்தார். அப்படியிருந்தும், அந்தப் பெரிய நூலில் ஆயிரம் பவுண்டு வரை நட்டம் வரலாம் என்று கணக்குப் போட்ட பிறகே அதை ஏற்றார்கள். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் வழக்கமான ராயல்டிக்குப் பதிலாக, செலவு மீண்ட பிறகு லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு டோல்கீன் உடன்பட்டார். தன்னளவில் முழுமையான ஒரு சிறிய நூல் முதலில் வாசகரைச் சம்பாதித்துக் கொடுத்தது, அதன்பின் பெரிய நூலுக்குக் கதவு திறந்தது என்பதே அந்த வரலாறு எனக்குச் சொல்வது. அது உங்கள் வாதத்துக்குத் துணை நிற்பதைவிட என் ஆலோசனைக்கே அதிகம் துணை நிற்கிறது.

இனி, முதல் பாகத்தைத் தனி நாவலாக்குவது எப்படி என்பதற்கு வருகிறேன். இதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி செலவாக வேண்டும். உங்கள் கதைச் சுருக்கத்தின்படி, கடல் போன திசையைத் தேடி வேம்பி புறப்படுகிறாள். உலர்ந்த கடல்தரையைக் கடக்கிறாள். ஏழு குலங்களின் போர் மூளும் செய்தி வந்து சேரும் இடத்தில் முதல் பாகம் நிற்கிறது. அது முடிவன்று, கதை பாதியில் அறுந்து நிற்கும் இடம். தாயின் தூக்கத்துக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்ட மகளைப் பின்தொடர்ந்து நானூறு பக்கம் வந்த வாசகருக்கு, அந்தத் தூக்கம் கிடைத்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல் ஒரு போரின் அறிவிப்பை மட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமாகாது. வேம்பி கடலை எட்டுவதும், அடகைப் பற்றி அதனிடம் பேசுவதும், ஏதோ ஒன்றைப் பெறுவதும் அல்லது இழப்பதும் முதல் நூலிலேயே நடந்துவிட வேண்டும். குலங்களின் போர் இரண்டாம் நூலின் பொருளாக இருக்கட்டும். ஒருவேளை இரண்டாம் நூல் வெளிவராமலே போனாலும், முதல் நூலை வாங்கியவர் ஒரு முழுக் கதையைப் படித்த நிறைவோடு அதை மூடி வைக்க வேண்டும்.

அந்த முடிவை எழுத உட்கார்ந்தவுடனே நீங்கள் ஒரு சிக்கலைச் சந்திப்பீர்கள். அதைச் சந்திப்பதே நல்லது. அடகை வைத்தவர் மட்டுமே மீட்க முடியும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் திட்டவட்டமாக எழுதியிருக்கிறீர்கள். அடகை வைத்த தாத்தா இறந்துவிட்டார். ஆனால் சுருக்கத்தின் இறுதியில், மூன்றாம் பாகத்தில், வேம்பி அதை மீட்டுவிடுகிறாள். எப்படி என்பதற்கு, அவளுடைய அன்பின் வலிமை என்பதற்கு மேல் காரணம் இல்லை. மிகுபுனைவில் வாசகர் எந்த அதிசயத்தையும் நம்பத் தயாராக இருப்பார். ஆனால் எழுத்தாளர் தாமே விதித்த விதியைத் தாமே மீறும்போது அந்த நம்பிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபியை நினைத்துப் பாருங்கள். மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்த அந்தப் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. சாத்தனார் அத்துடன் நிறுத்தியிருந்தால் அது வெறும் வரம். மழை பெய்து நாடு செழித்ததும் பசித்து வருபவர் ஒருவரும் இல்லாமல் போக, குறையாத பாத்திரம் பயனற்றுப் போகிறது. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறிய ஆபுத்திரன், மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, தன் ஒருவன் வயிற்றை மட்டும் நிரப்புவதற்காக அந்தப் பாத்திரத்தை வைத்திருக்க மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நீருக்கு மேலே வரும் அந்தப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்த பிறகும், ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகுதான் அது ஊருக்குச் சோறு தருகிறது. அதிசயத்துக்கு இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு மனிதரின் குணத்தை வெளிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள். உங்கள் விதியும் அப்படி வேலை செய்யும். வைத்தவர்தான் மீட்க வேண்டும், வைத்தவர் இல்லை என்றால், வேம்பிக்கு எஞ்சியிருப்பது மீட்பது அன்று. புதிதாக ஒன்றை அடகு வைப்பதுதான். தன் தூக்கத்தைக் கொடுத்துத் தாயின் தூக்கத்தை வாங்குவாளா, அப்படி வாங்கினால் விழித்திருக்கும் மகளின் அருகில் அந்தத் தாயால் கண்ணயர முடியுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். வேறு வழி உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த வழி, நீங்கள் போட்ட விதிக்குள் நின்றபடியே கிடைத்ததாக இருக்கட்டும்.

தொடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்தின் இருபத்திரண்டு பக்கங்களில் ஏழு குலங்களின் வரலாறும், நாள்காட்டியும், நாணய மதிப்பும் வருகின்றன, வேம்பி வருவதில்லை. அவள் முதலில் தோன்றும் இடம் இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில், உப்பளத்துப் பாத்தியில் வேலை முடித்து வந்தவள், தாய் சுவரில் சாய்ந்து விழித்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் தூங்காததுபோல் நடிக்கும் காட்சி. நாவல் அங்கே தொடங்க வேண்டும். உலகத்தைப் பற்றி நீங்கள் சேர்த்து வைத்த குறிப்புகள் வீணாகாது. அவை உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் காட்சி அவ்வளவு உறுதியாக இருக்கிறது. ஆனால் எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அனைத்தையும் வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டியதில்லை. அடகு என்றால் என்ன என்பது தமிழ் வாசகர் எவருக்கும் விளக்க வேண்டாத ஒன்று. வட்டியும் தவணையும் மூழ்கிப்போன நகையும் அறியாத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? அந்த அறிவை நம்பியே நீங்கள் உடனே கதைக்குள் இறங்கிவிடலாம்.

பெயர்களிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. வேம்பியும் அவளுடைய தாயும் இருக்கும் அதே நகரத்தில் குலத்தலைவர்களுக்கு வால்டோர், எல்ரியன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அவர்கள் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று கதையில் எங்கும் இல்லை. அதேபோல், கதாபாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் நடை சட்டென்று சரித்திரத் தொடர்கதைகளின் அரசவைத் தமிழுக்கு மாறிவிடுகிறது. சம்மாட்டியும் சங்கு குளிப்பவரும் உப்பு வாருபவரும் பேசும் பேச்சைத் தினமும் கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. கச்சானும் கொண்டலும் வாடையும் வீசும் ஒரு கடற்கரையில் காற்றுகளுக்கெல்லாம் புதுப் பெயர் தேடி நீங்கள் அலைந்திருக்க வேண்டாம். நீங்கள் வரைந்திருக்கும் வரைபடம் மட்டும் அருமையானது. அதைக் கறுப்பு மையில் ஒரே பக்கத்துக்கு அடங்கும்படி மீண்டும் வரைந்து வையுங்கள்.

இவற்றையெல்லாம் செய்து முடிக்கும்போது முதல் நூல் எழுபதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் சொற்களுக்குள், அதாவது ஏறத்தாழ 350 பக்கங்களுக்குள் வர வேண்டும். பிறகு, உங்களுக்கு நெருக்கமில்லாத, நாவல்கள் படிக்கும் இரண்டு பேரிடம் கொடுங்கள். எங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனீர்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தீர்வைவிட அவர்கள் எழுந்து போன இடமே உங்களுக்கு முக்கியம்.

பதிப்பகத்துக்கு அனுப்புவதில் காலத்தையும் கவனியுங்கள். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டியே தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டு சுழல்கிறது. செப்டம்பர் பிறந்துவிட்டால் பொங்கல் வரை ஒவ்வொரு பதிப்பகத்திலும் மெய்ப்புப் பார்ப்பதும் அட்டை முடிப்பதும் அச்சகத்துக்கு ஓடுவதுமாக இருக்கும். அந்த மாதங்களில் வரும் புதியவரின் கைப்பிரதி பிரிக்கப்படாமலே கிடக்க வாய்ப்பு அதிகம். பிப்ரவரியிலிருந்து மே வரையான காலத்தில் அனுப்பினால் படிக்க ஆள் இருப்பார். தமிழில் இலக்கிய முகவர்கள் என்ற ஏற்பாடு அநேகமாக இல்லை. ஆகவே முகவரைத் தேடும் வழிகளைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தவற்றை மறந்துவிட்டு, பதிப்பகத்துக்கு நேராக எழுதுங்கள். அந்தப் பதிப்பகம் கடந்த இரண்டு ஆண்டுகளில் என்னென்ன நாவல்களை வெளியிட்டது என்று பார்த்துவிட்டு, அவற்றில் ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுவது நல்லது. ஒரு பக்கக் கடிதம், முடிவையும் மறைக்காமல் சொல்லும் இரண்டு பக்கச் சுருக்கம், யூனிகோட் எழுத்துருவில் ஒரே கோப்பாக முதல் ஐம்பது பக்கம், இவை போதும். உங்கள் பதினோரு பக்கச் சுருக்கத்தைப் படிக்க எந்த அலுவலகத்திலும் நேரமிருக்காது. கடிதத்தில், இது தனியே முடியும் நாவல் என்றும், இதே உலகில் மேலும் கதைகள் உண்டு என்றும் இரண்டு வரிகளில் சொன்னால் போதும். மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், மனம் நோகாமல் அடுத்தவருக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவதில் தவறில்லை. அதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பணம் கட்டினால் அச்சிட்டுத் தருவதாகச் சொன்னவருக்கு இப்போது மறுப்புச் சொல்லிவிடுங்கள். சொந்தச் செலவில் நூல் வெளியிடுவதை நான் இழிவாகக் கருதவில்லை. நம் மொழியின் நல்ல நூல்கள் பல அப்படி வந்திருக்கின்றன. ஆனால் நீங்கள் செலவு செய்யும்போது நீங்கள்தான் பதிப்பாளர் என்பதும், எதிரே இருப்பவர் உங்களுக்கு அச்சுப் பணி செய்து தருபவர் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். எத்தனை பிரதிகள், அவை யார் வீட்டில் இருக்கும், விற்ற கணக்கை யார் எப்போது தருவார், பக்க வடிவமைப்புக் கோப்பும் அட்டைக் கோப்பும் உங்களிடம் ஒப்படைக்கப்படுமா என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டக்கூடாது. நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருவதற்கென்று தனியே கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் இலவசமாகவே வழங்குகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். திருத்திய முதல் நூலை ஓராண்டு முயன்றும் யாரும் ஏற்கவில்லை என்றால், இரண்டு அச்சகங்களில் விலை கேட்டு, நூறு பிரதிகள் நீங்களே அச்சிடலாம். ஆயிரம் பக்கத்தோடு அந்தத் துணிவு வராது. 350 பக்கத்தோடு வரும்.

ஒப்பந்தம் என்ற ஒன்று உங்கள் மேசைக்கு வரும் நாளில் மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆவது பிரிவில், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது. எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்ளும். வேறுவிதமாக எழுதப்படாதவரை, பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். தமிழில் அச்சு நூலுக்கு விலையில் பத்து சதவீத ராயல்டி என்பது பரவலான வழக்கம். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை அச்சுரிமையோடு ஒரே வரியில் சுருட்டிக் கொடுத்துவிடாமல் தனித்தனியே பேசுங்கள். 2023-இல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி தொடங்கிய பிறகு, தமிழ் நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமைக்குக் கேட்பவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மிக முக்கியமாக, ஒப்பந்தம் முதல் நூலுக்கு மட்டுமே இருக்கட்டும். அதே உலகில் நீங்கள் எழுதும் அடுத்த நூல்களும் அந்தப் பதிப்பகத்துக்கே உரியவை என்ற வரி இருந்தால், அதை நீக்கச் சொல்லுங்கள். அடுத்த நூலை முதலில் அவர்களிடம் காட்டுவதாக மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

கதையை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் புரிகிறது. சட்டம் ஒரு கருத்தைப் பாதுகாப்பதில்லை. அந்தக் கருத்தை நீங்கள் எழுதியிருக்கும் சொற்களையும் வடிவத்தையுமே பாதுகாக்கிறது. அந்தப் பாதுகாப்பு, பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், நீங்கள் எழுதிய கணத்திலிருந்தே உண்டு. உங்கள் வாழ்நாளுக்கும் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் நீடிக்கும். மன நிம்மதிக்காகப் பதிவு செய்ய விரும்பினால் கட்டணம் பெரிய தொகையன்று. கடலிடம் அடகு வைப்பது என்ற எண்ணத்தை வேறொருவர் எடுத்தாலும், தூங்காத அந்தத் தாயை அவரால் எழுத முடியாது.

இணையத்தில் முழு நாவலையும் தொடராகப் போட வேண்டாம் என்றே சொல்வேன். பிரதிலிபி போன்ற தளங்களில் வாசகர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் முழுவதும் இலவசமாகக் கிடைத்த நாவலை அச்சிடச் சில பதிப்பாளர்கள் தயங்குவார்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் செலக்ட் திட்டத்தில் சேர்த்தால், அந்த மின்னூல் 90 நாள்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. தொடராகப் போட்டதை மறந்துவிட்டு அங்கே சேர்த்தால் விதிமீறலாகும். நாவலுக்குப் பதிலாக, அதே நகரத்தில் நடக்கும் இரண்டு மூன்று சிறுகதைகளை எழுதி, சிற்றிதழ்களுக்கும் இணைய இதழ்களுக்கும் அனுப்புங்கள். முத்துக்காகக் குழந்தையின் தூக்கத்தை அடகு வைக்க மறுத்த ஒருவர், அடகுக் கணக்கை எழுதிவந்த எழுத்தர், கடல் போன மறுநாள் காலையில் சந்தை என்று உங்கள் குறிப்புகளிலேயே கதைகள் கிடக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தம் புகழ்பெற்ற தீவுக்கூட்ட உலகத்தை முதலில் 1964-இல் இரண்டு சிறுகதைகளில்தான் எழுதிப் பார்த்தார்; அங்கே நடக்கும் முதல் நாவல் 1968-இல் வந்தது. சிறுகதை எழுதும்போது உங்கள் உலகத்தின் விதிகள் எங்கே ஓட்டையாக இருக்கின்றன என்பது பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வெளியான கதைகளின் பெயர்களைப் பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரியாகவும் சேர்க்கலாம்.

வேலையை விட வேண்டாம். நீங்களே கணக்கர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 450 ரூபாய் விலையுள்ள நூல் முந்நூறு பிரதிகள் விற்றால், பத்து சதவீதத்தில் உங்களுக்கு 13,500 ரூபாய் வரும். அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. முதல் நாவலுக்கு அது மோசமான விற்பனையும் அன்று. சம்பளம் வரும் வேலை உங்களுக்குத் தருவது, எந்த ஒப்பந்தத்தையும் அவசரமாக ஏற்காமல் இருக்கும் சுதந்திரம். ஆனால் இரவெல்லாம் விழித்து எழுதுவதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். திருத்தும் வேலைக்குத் தெளிந்த மூளை வேண்டும். அதற்கு விடுமுறை நாளின் காலை நேரம் இரண்டு மணி கிடைத்தாலும் போதும். வீட்டாரிடம் அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, காத்திருக்கும்போது இரண்டாம் பாகத்தைத் திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது அதைத் தொடாதீர்கள். முதல் நூலின் முடிவு மாறும்போது, கடலிடம் வேம்பி எதைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்பதும் மாறும். அது மாறினால் இரண்டாம் பாகத்தில் அவள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் வேறாகிவிடும். இன்று திருத்தும் பக்கங்களை நாளை மீண்டும் எழுத வேண்டியிருக்கும். முதலில் அந்தக் கடைசி அத்தியாயத்தை, கடலும் வேம்பியும் பேசும் இடத்தை, மூன்று வெவ்வேறு விதமாக எழுதிப் பாருங்கள். எழுதியவற்றில் எதை வைத்துக்கொள்வது என்று தயங்கினால் மூன்றையும் எனக்கு அனுப்பி வையுங்கள், வாசித்துவிட்டு எழுதுகிறேன்.